லாரி இல்லை, பஸ் இல்லை... காட்டுக்குள் 240 கி.மீ சைக்கிள் பாதை! - ரயில் விட்டுச்சென்ற வழியில் ஒரு பயணம்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் என்றதும் நம்மவர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது, அங்கே இருக்கும் வெங்கடேஸ்வரர் கோயில். திருப்பதி கோயிலை மாதிரியாகக் கொண்டு 1970-களில் கட்டப்பட்டது. மகன், மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகும் பெற்றோர், ஒரு சனி, ஞாயிறில் காரில் போய்ப் பெருமாளை சேவித்துவிட்டுத் திரும்புவது வழக்கம்.

அதே பிட்ஸ்பர்க்கில் இன்னொரு அதிசயமும் இருக்கிறது. அலகேனி, மொனாங்கஹேலா என்ற இரண்டு ஆறுகள் ஒன்றுசேர்ந்து, ஒஹாயோ என்ற மூன்றாவது ஆறாகக் கிளம்பும் இடத்தில் ஒரு பூங்கா. அந்தப் பூங்காவிலிருந்து ஒரு சைக்கிள் பாதை தொடங்குகிறது. ஆற்றங்கரை, காடு, மலை, சுரங்கம், பள்ளத்தாக்குப் பாலம் என்று போய்க்கொண்டே இருக்கும் அந்தப் பாதை, 240 கி.மீ தாண்டி, பக்கத்து மாநிலமான மேரிலாண்டில் உள்ள கம்பர்லேண்ட் ஊரில்தான் முடிகிறது.

இந்தப் பாதையில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. நகருக்குள் சில இடங்களில் தெருவை ஒட்டிப் போக வேண்டும். ஆங்காங்கே சாலைகளைக் குறுக்கே கடக்க வேண்டும். அவ்வளவுதான். மற்றபடி பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது. டோல் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள், எழுபது வயதுத் தாத்தா பாட்டிகளும் ஓட்டுகிறார்கள்.

'கிரேட் அலகேனி பாசேஜ்' என்பது பாதையின் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் செல்லமாக 'கேப்' என்கிறார்கள். ஆனால், நடுவில் ஒரு 'கேப்' விழுந்துவிடாமல் இதை முழுசாக ஒட்டி முடிக்க 35 வருடங்கள் ஆயின என்பதுதான் இதன் கதை.

மலையில் ஏறுகிறோம் என்பதே தெரியாது!

மலைப்பாதையில் சைக்கிள் என்றால் பலருக்கும் முதலில் வரும் பயம், மூச்சு வாங்குமே என்பது. இங்கே அந்தப் பயம் வேண்டாம். காரணம், இந்த வழியை அமைத்தவர்கள் சைக்கிள்காரர்கள் அல்ல, ரயில்வே பொறியாளர்கள்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது உராய்வு குறைவு. சமதளத்தில் அது பெரிய வசதி. செங்குத்தான ஏற்றத்தில் அதுவே வினை, சக்கரம் வழுக்கும். நம் ஊட்டி மலை ரயில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவுக்கு ஏறுகிறது. அதற்காகவே தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த தனிக் கம்பி தேவைப்படுகிறது. சாதாரண சரக்கு ரயிலுக்கு அது சரிப்படாது. அதனால் அலகேனி மலைத்தொடரில் ரயில் பாதை போட்டவர்கள், ஆறு போகும் வழியைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போனார்கள். மலை குறுக்கிட்டால் குடைந்தார்கள். பள்ளம் வந்தால் பாலம் கட்டினார்கள்.

பலன் இன்று சைக்கிளுக்கு! பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பினால், பாதையின் உச்சிக்குப் போகச் சுமார் 200 கி.மீ. தொடங்கும் இடத்துக்கும் உச்சிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 510 மீட்டர்தான். கிலோமீட்டருக்குச் சராசரியாக இரண்டரை மீட்டர் ஏற்றம். அதிலும் முதல் 100 கி.மீ கிட்டத்தட்ட சமதளம்.

எதிர்ப்பக்கம் கொஞ்சம் கடினம். கம்பர்லேண்டிலிருந்து வந்தால், உச்சிக்கு வெறும் 38 கி.மீ. அதற்குள் 540 மீட்டர் ஏற வேண்டும். அந்தப் பக்கம் இறங்குகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். பெடலை மிதிக்காமலேயே பல கி.மீ உருண்டு வந்துவிடலாம்.

ஒரே பள்ளத்தாக்கு, இரண்டு ரயில்!

அமைத்த ரயில் பாதையை ஏன் கைவிட்டார்கள்?

கம்பர்லேண்டுக்கும் கானல்ஸ்வில் என்ற ஊருக்கும் நடுவே 'வெஸ்டர்ன் மேரிலாண்ட்' என்ற கம்பெனி போட்ட பாதை 1912-ல் திறக்கப்பட்டது. நிலக்கரிதான் முக்கியச் சரக்கு. ஆனால், அதே பள்ளத்தாக்கில் ஆற்றின் எதிர்க்கரையில் போட்டிக் கம்பெனியின் பாதை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. 1970-களில் இரண்டு கம்பெனிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஒரே முதலாளிக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதைகள் எதற்கு? 1975-ல் ஒன்றை மூடினார்கள். தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

எதிர்க்கரைப் பாதை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆற்றோரம் கூடாரம் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு நடு இரவில் சரக்கு ரயிலின் சத்தம் கேட்கும்.

இந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. ரயில் பாதை என்பது 30 மீட்டர் அகலமும் பல நூறு கி.மீ நீளமும் கொண்ட நிலம். அது முழுசாக இருக்கும்வரைதான் மதிப்பு. நடுவில் ஒரு துண்டை ஒருவர் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டால், இன்னொருவர் ஷெட் போட்டால், ஒரு பாலத்தை இரும்புக்கு விற்றுவிட்டால், மொத்தப் பாதையும் வீண். அமெரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல இடங்களில் ரயில் கம்பெனிக்கு இருந்தது வழி விடும் உரிமை மட்டும்தான். ரயில் நின்றால் நிலம் பக்கத்து நிலக்காரருக்கே திரும்பிப் போய்விடும். ஒருமுறை கைவிட்டுப்போனால், நூற்றுக்கணக்கான உரிமையாளர்களிடம் மறுபடி வாங்கி ஒட்டுவது நடக்கிற காரியமில்லை.

எனவே, 1978-ல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று முந்திக்கொண்டது. 'வெஸ்டர்ன் பென்சில்வேனியா கன்சர்வன்சி' என்ற அந்த அமைப்பு, கானல்ஸ்வில்லுக்கும் கான்ஃப்ளூயன்ஸ் என்ற ஊருக்கும் இடையிலான சுமார் 43 கி.மீ பாதையை வாங்கியது. 1986-ல் அதில் ஓஹயோபைல் மாநிலப் பூங்காவுக்குள் வரும் சுமார் 14 கி.மீ மட்டும் சைக்கிளுக்குத் திறக்கப்பட்டது. அதுதான் பிள்ளையார் சுழி!

மீதி? ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர்க்காரர்கள் தங்கள் பக்கத்துத் துண்டுக்காகக் குழு அமைத்தார்கள். 1995-ல் அந்தக் குழுக்கள் ஒரே கூட்டணியாகச் சேர்ந்தன. கானல்ஸ்வில்லுக்கு வடக்கே வேறொரு ரயில் கம்பெனி கைவிட்ட பாதையும் இதோடு சேர்ந்தது. இடிந்துகொண்டிருந்த சுரங்கங்களைச் சரிசெய்து, பாலங்களுக்குத் தளமும் கைப்பிடியும் போட்டு, ஜல்லித் தூளைக் கொட்டிச் சமப்படுத்தி, 2006 இறுதியில் கம்பர்லேண்டிலிருந்து பிட்ஸ்பர்க்கின் விளிம்புவரை வந்துவிட்டார்கள். கடைசிச் சில கி.மீ-தான் பெரும்பாடு. நகரத்தை ஒட்டிய தொழிற்சாலை இடங்கள், ஓடிக்கொண்டிருக்கும் ரயில் பாதைகள் என்று ஒவ்வொன்றையும் தாண்ட வேண்டியிருந்தது. கடைசித் துண்டும் ஒட்டி, பாதை முழுமையானது 2013 ஜூனில்.

1978-ல் கையெழுத்துப் போட்டவர்கள் இளைஞர்களாக இருந்திருந்தால், பாதை முடிந்தபோது அவர்களுக்குப் பேரன் பேத்தி வந்திருக்கும்.

சிவப்பு அருவி, 12 புகைபோக்கி!

வழியில் என்னவெல்லாம் வருகின்றன என்று ஒரு சுற்று பார்க்கலாம்.

பிட்ஸ்பர்க்கை விட்டுக் கிளம்பியதும் ஒரு பாலம். பெயர் 'ஹாட் மெட்டல்' பாலம். ஆற்றின் ஒரு கரையில் உலை, மறுகரையில் உருக்காலை. உருகிய இரும்புக் குழம்பை ரயிலில் ஏற்றி இந்தப் பாலத்தின் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். இன்று அதன் மேல் சைக்கிள்கள் போகின்றன.

அடுத்து ஹோம்ஸ்டெட். கார்னகியின் புகழ்பெற்ற உருக்காலை இருந்த ஊர். 1892-ல் இங்கே நடந்த வேலைநிறுத்தம் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் மறக்க முடியாதது. நிர்வாகம் அமர்த்திய காவலர்கள் படகுகளில் வந்து இறங்க, தொழிலாளர்கள் எதிர்க்க, துப்பாக்கிச் சண்டையில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அந்த ஆற்றங்கரைப் பம்ப் ஹவுஸ் பாதை ஓரத்தில் இன்றும் நிற்கிறது. 1986-ல் ஆலை மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஷாப்பிங் வளாகம். 12 புகைபோக்கிகளை மட்டும் இடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

மெக்கீஸ்போர்ட் தாண்டியதும் யாகியகேனி ஆறு கூடவே வரும். உச்சரிக்கச் சிரமமாக இருக்கிறதா? உள்ளூர்க்காரர்களுக்கும் அப்படித்தான் போலும். அவர்கள் சுருக்கமாக 'யாக்' என்கிறார்கள்.

இங்கிருந்து காடு தொடங்குகிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மலைச்சரிவு. ஓரிடத்தில் பாறை மேல் வழியும் நீர் செக்கச்செவேல் என்று சிவப்பாக இருக்கும். இன்னோர் இடத்தில் பாறை முழுக்க வெள்ளைப் பூச்சு. பார்க்க அழகு, காரணம் அழகல்ல. கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் ஊறி வரும் தண்ணீர், சிவப்பில் இரும்பையும் வெள்ளையில் அலுமினியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுரங்கம் மூடிப் பல வருடங்கள் ஆகியும் அந்தக் கறை போகவில்லை.

சற்றுத் தள்ளி டார் சுரங்கம். 1907 டிசம்பர் 19 அன்று இங்கே நடந்த வெடிவிபத்தில் 239 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. அன்று புனித நிக்கோலஸ் திருநாளுக்காகத் தேவாலயம் போயிருந்த தொழிலாளர்கள் பலர் தப்பினார்கள். பாதை ஓரத்தில் நினைவுப் பலகை இருக்கிறது. பெரும்பாலான சைக்கிள்காரர்கள் இறங்கி ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள்.

98-வது கி.மீ-ல் கானல்ஸ்வில். உருக்காலைகளுக்குக் கல்கரி சுட்டுக்கொடுத்த ஊர். இங்கிருந்து பாதை நிஜமாகவே காட்டுக்குள் நுழைகிறது. ஓக், மேப்பிள், ஹெம்லாக் மரங்கள். மான்கள் சாதாரணமாகக் குறுக்கே ஓடும். கருங்கரடியும் உண்டு, பெரும்பாலும் அதுவே ஒதுங்கிப் போய்விடும்.

125-வது கி.மீ-ல் ஓஹயோபைல். ஆறு குதிரை லாடம்போல வளைந்து அருவியாக விழும் இடம். பாதை மட்டும் வளையாமல், இரண்டு உயரமான பாலங்களில் ஆற்றை இரண்டு முறை தாண்டி நேராகப் போகிறது. பாலத்தின் மேல் நின்று பார்த்தால், கீழே ரப்பர் படகுகளில் நீர்ச்சுழல்களைத் தாண்டிப் போகிறவர்கள் பொடிப்பொடியாகத் தெரிவார்கள். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1930-களில் ஓர் அருவியின் மேலேயே கட்டிய 'ஃபாலிங்வாட்டர்' வீடும் அருகில்தான். 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வீடு அது. ஆனால், அங்கே போக ஏற்றமான தார்ச்சாலைதான்.

அடுத்து கான்ஃப்ளூயன்ஸ். நம் பவானிக்குக் கூடுதுறை மாதிரி, பெயரிலேயே சங்கமம் கொண்ட ஊர். யாகியகேனி, காசல்மன், லாரல் ஹில் ஓடை மூன்றும் இங்கே கூடுகின்றன. இனி துணைக்கு வருவது காசல்மன் ஆறு.

மயர்ஸ்டேல் ஊருக்கு முன்னால் திடீரெனக் காடு விலகி, சைக்கிள் ஆகாயத்துக்கு வந்துவிடும்! அதுதான் சாலிஸ்பரி பாலம். நீளம் 582 மீட்டர். கீழே ஆறு, வயல், நெடுஞ்சாலை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ரயில் பாதை. தூரத்து மலை முகட்டில் காற்றாலைகள். இரண்டு நாள்களாகப் பார்க்காத லாரிகள், காலுக்குக் கீழே நெடுஞ்சாலையில் சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும்.

மழைத்துளி பிரியும் இடம்!

203-வது கி.மீ-ல் உச்சி. கடல்மட்டத்திலிருந்து 729 மீட்டர். இங்கே விழும் மழைத்துளி மேற்கே உருண்டால் ஒஹாயோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். கிழக்கே உருண்டால் அட்லாண்டிக் பக்கம் போய்விடும். ஒரு சிறிய சுரங்க வழியின் சுவரில் மலையின் உயர வரைபடத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். போட்டோ எடுக்காமல் யாரும் நகர மாட்டார்கள்.

அங்கிருந்து சற்று இறங்கினால் 'பிக் சாவேஜ்' சுரங்கம். ஏறத்தாழ 1 கி.மீ நீளம். உள்ளே விளக்குகள் உண்டு, ஆனாலும் கோடையில்கூடச் சில்லென்றிருக்கும். வெளியே வந்தால் கண்ணுக்கெட்டியவரை மேரிலாண்டு மலைகள். சிறிது தூரத்தில் 'மேசன் - டிக்சன்' எல்லைக்கோடு. 1760-களில் அளந்து போட்ட இந்தக் கோடுதான், பிற்காலத்தில் அடிமை முறை இருந்த தெற்குக்கும் இல்லாத வடக்குக்கும் எல்லையாகப் பேசப்பட்டது. பாதையில் கற்களால் அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஒரு மிதி, மாநிலம் மாறிவிடும்.

ஃப்ராஸ்ட்பர்க்கிலிருந்து கம்பர்லேண்ட்வரை கடைசி 25 கி.மீ ஒரே இறக்கம். சுற்றுலா ரயில் ஒன்றும் பக்கத்திலேயே ஓடுகிறது. 'பிரஷ்' என்ற சுரங்கத்தை ரயிலும் சைக்கிளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ரயில் வரும் நேரம் என்றால் சைக்கிள்காரர் வெளியே காத்திருப்பதுதான் நல்லது!

ஊருக்கு வந்த உயிர்!

நிலக்கரியும் உருக்கும் போனபோது இந்தச் சிற்றூர்களுக்கு வேலையும் போனது. பிள்ளைகள் நகரங்களுக்குப் போனார்கள், கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. சைக்கிள் பாதை அந்தப் பழைய நாள்களைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஓர் உருக்காலை தந்த சம்பளத்தை ஒரு காபிக் கடை தர முடியாது. ஆனால், சைக்கிளில் வருகிறவர் காரில் வருகிறவர் மாதிரி அல்ல. ஒரு நாளைக்கு 50, 60 கி.மீ-தான் போவார். அதனால் அவர் ஒவ்வோர் ஊரிலும் நிற்க வேண்டும், சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டு, பாதையோர ஊர்களில் சிறு தொழில் தொடங்குவோருக்குக் கைகொடுக்க 2007-ல் தனித்திட்டமே வந்தது. பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாயின. சைக்கிள் கடை, சாப்பாட்டுக் கடை, சாமான்களை அடுத்த ஊருக்குக் கொண்டுசேர்க்கும் வேன் என்று புதுப் பிழைப்புகள் முளைத்தன. பழைய ரயில் நிலையங்கள் சில இப்போது தகவல் மையங்கள்.

நீதிபதி நடந்த நடை!

கம்பர்லேண்டில் பாதை முடிந்தாலும் பயணம் முடிய வேண்டியதில்லை. அதே இடத்தில் இன்னொரு பாதை கைகோக்கிறது. 'செசபீக் அண்ட் ஒஹாயோ' கால்வாயின் கரைப்பாதை. 297 கி.மீ. முடியும் இடம் தலைநகர் வாஷிங்டன்! இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 540 கி.மீ. சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டி விருதுநகர் பக்கம் போகிற தூரம்.

1828-ல் வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. கரையில் கோவேறு கழுதைகள் கயிறு கட்டி இழுக்க, படகுகள் போயின. வெள்ளத்தில் சேதமாகி 1924-ல் படகுப் போக்குவரத்து நின்றது. 1950-களில் அங்கே கார் சாலை போடும் திட்டம் வந்தது. 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழும் 1954-ல் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது.

உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் கண்டித்து அறிக்கை விட்டிருக்கலாம். அவர் செய்தது வேறு. 'என்னோடு வந்து நடந்து பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்' என்ற பொருளில் தலையங்கம் எழுதியவர்களுக்கே அழைப்பு விடுத்தார். அந்த மார்ச் மாதம், கம்பர்லேண்டிலிருந்து வாஷிங்டன்வரை நடந்தார். பலர் சேர்ந்து நடந்தாலும் முழுத் தூரத்தையும் முடித்தவர்கள் 9 பேர்தான். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1971-ல் கால்வாய் தேசியப் பூங்காவானது. கார் சாலை வரவே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு...

* எப்போது: மே முதல் அக்டோபர்வரை. அக்டோபரில் இலைகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும் காட்சிக்காகவே கூட்டம் வரும். குளிர்காலத்தில் பிக் சாவேஜ் சுரங்கத்தை மூடிவிடுவார்கள்.

* எத்தனை நாள்: பிட்ஸ்பர்க் - கம்பர்லேண்ட் நிதானமாக ஓட்டினால் 4 அல்லது 5 நாள்கள்.

* ஒரே நாள்தான் இருக்கிறதா: குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஓஹயோபைல் - கான்ஃப்ளூயன்ஸ் இடையே 17 கி.மீ பொருத்தம். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். இல்லையென்றால் வேனில் சைக்கிளோடு உச்சிக்குப் போய், கம்பர்லேண்டுக்கு 38 கி.மீ இறங்கிவரலாம்.

* எந்த சைக்கிள்: ஜல்லித் தூள் பாதை என்பதால், மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம். கொஞ்சம் அகலமான டயர் போதும். கியர் இருந்தால் நல்லது. முன் விளக்கு அவசியம்.

* திரும்பிவர: வாஷிங்டன் - பிட்ஸ்பர்க் ரயில் கம்பர்லேண்டிலும் கானல்ஸ்வில்லிலும் நிற்கும். முன்பதிவு செய்தால் சைக்கிளையும் ஏற்றலாம்.

* சாப்பாடு: சிற்றூர்களில் பீட்சா, சாண்ட்விச் கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு கிளம்புவது புத்திசாலித்தனம். சில கடைகள் மாலையிலேயே மூடிவிடும்.

* கவனம்: புல்லுக்குள் இறங்கினால் உண்ணி ஏறும், அது கடித்தால் லைம் என்ற நோய் வரலாம். முழுக்கால் உடை போட்டு, மாலையில் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் கிடைக்காது. ஒரு டியூபும் காற்றடிக்கும் பம்ப்பும் பையில் இருக்கட்டும்.

கதவைத் திறக்க ஆள் வேண்டும்!

ஒவ்வோர் ஆண்டும் குளிர் தொடங்கும்போது பிக் சாவேஜ் சுரங்கத்தின் இரு முனைகளிலும் பெரிய கதவுகளைச் சாத்திவிடுகிறார்கள். உள்ளே கசியும் நீர் பனிக்கட்டியாக உறைந்தால் சுவர் வெடித்துவிடும். வசந்தம் வந்ததும் மறுபடி திறக்கிறார்கள். புயலில் மரம் விழுந்தால் உள்ளூர்த் தன்னார்வலர்கள் ரம்பத்தோடு போகிறார்கள். புல் வெட்டுவது, மழையில் கரைந்த ஜல்லியை நிரப்புவது, கைப்பிடிக்கு ஆணி அடிப்பது எல்லாமே பெரும்பாலும் அவர்கள் வேலைதான். பலர் பணி ஓய்வு பெற்றவர்கள்.

கைவிடப்பட்ட ரயில் பாதைகளைச் சைக்கிள் வழியாக்கும் இந்த முயற்சி இன்று அமெரிக்கா முழுக்க 40,000 கி.மீ-க்கு மேல் வளர்ந்திருக்கிறது. பின்னாளில் தேவைப்பட்டால் மீண்டும் ரயில் ஓட்டிக்கொள்ளலாம், அதுவரை பாதையைத் துண்டு போடாமல் வைத்திருங்கள் என்று 1983-லேயே சட்டம் வந்துவிட்டது. மலையைக் குடைந்து இன்னொரு முறை இப்படி ஒரு பாதை போடும் வசதி யாருக்கும் வராது. இருப்பதைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் மலிவு. அதைச் சரியான நேரத்தில் ஒருசிலர் செய்ததால்தான், இன்று ஒரு பத்து வயதுக் குழந்தை லாரி பயமில்லாமல் ஒரு மலைத்தொடரையே சைக்கிளில் தாண்ட முடிகிறது.